வளைந்த பல்பாங்கு ஒளியிழைகளில் ஒளியிழப்பு

1. முன்னுரை

ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்பது நாம் இளமையிலேயே கற்கும் பாடமாகும். ஆயினும், அதனை வளைந்த வழியிலும் செலுத்துதல் கூடும் என்பதனை 1841ஆம் ஆண்டில் செனீவா நகரில் டானியல் கொலாடன் என்னும் அறிஞர் செய்து காட்டினார். தொட்டியின் துளையினின்று வில்போல் வளைந்து வீழும் நீர்த்தாரையினுள்ளே அவர் ஒளியைப் பாய்ச்சினார்; ஒளியும் தாரையோடு வளைந்து இறங்கிற்று. 1854இல் இலண்டனில் ஜான் டிண்டல் இதனையொத்த செய்முறை ஒன்றை அவையோர் முன் நிகழ்த்தினார். எனவே, ஒளியை அடைத்துச் செலுத்தும் கலை தோன்றியபோதே வளைவு என்பதும் உடன்தோன்றிற்று எனலாம்.

இன்று நீர்த்தாரையின் இடத்தில் கண்ணாடி இழை நிற்கின்றது. கட்டடங்களிலும் கணிப்பொறி நிலையங்களிலும் அவ்விழை சுவர்முனைகளிலும் பேழைகளின் உள்ளும் வளைந்தே செல்லவேண்டியுள்ளது. வளையுந்தோறும் ஒளியில் ஒரு பகுதி வெளியேறுகின்றது. 'இத்துணை ஆரமுடைய வளைவில் எத்துணை ஒளி இழக்கப்படும்?' என்னும் வினாவிற்கு ஓர் எண்ணையே விடையாகத் தருதல் வழக்கமாக உள்ளது. பல்பாங்கு இழையைப் பொறுத்தவரை அவ்வினா குறையுடையது என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவப் புகுவதாகும். எத்துணை ஒளி என்று கேட்பதற்கு முன், எவ்வாறு நிரம்பிய ஒளி என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேளாது அளந்த எண்கள் ஒன்றோடொன்று முரணுவதும், நல்ல இழை பழுதுடையதெனத் தள்ளப்படுவதும், பழுதுடையது நன்றெனக் கொள்ளப்படுவதும் இயல்பேயாம்.

2. இழையின் அமைப்பும் சில சொற்களும்

ஒளியிழை என்பது தலைமயிரை ஒத்த நுண்ணிய கண்ணாடிக் கம்பி. அதன் நடுப்பகுதியை உள்ளகம் என்றும், அதனைச் சூழ்ந்த கண்ணாடியை உறை என்றும், அதன்மேற் பூசப்பெறும் நெகிழ்பொருளை மேற்பூச்சு என்றும் வழங்குவோம். உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையினுடையதைவிடச் சிறிது மிகுந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் இருப்பின், உள்ளகத்தில் அச்சோடு சிறுகோணத்திற் செல்லும் கதிர் எல்லையை அடையும்போது முழு அக எதிரொளிப்புற்று மீளும். கண்ணாடி இழைக்கு இத்தகைய உறை இன்றியமையாதது என்பது 1954இல் வான் ஹீல் வெளியிட்ட ஆய்வால் விளங்கிற்று. அதே ஆண்டில் ஹாப்கின்சும் நரீந்தர் சிங் கபானியும் இழைக்கற்றையின் வழியே உருவங்களைக் கொண்டுசெல்லும் முறையை வெளியிட்டனர். தூய கண்ணாடியால் தொலைத்தொடர்பும் இயலும் என்று 1966இல் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் காட்டினர். அதற்குரிய எல்லையாக அவர்கள் குறித்தது கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்பு. அவ்வெல்லை 1970இல் எட்டப்பெற்றது.

டெசிபெல் என்பது விகிதத்தைக் குறிக்கும் அளவை. 3 டெசிபெல் இழப்பெனின் ஏறத்தாழப் பாதி ஒளி குறைந்ததென்றும், 10 டெசிபெல் எனின் பத்தில் ஒரு பங்கே எஞ்சியதென்றும் கொள்க.

இழையினுள் ஒளி தான் வேண்டிய கோணத்திலெல்லாம் செல்ல இயலாது; அலையின் இயல்பு காரணமாகச் சில குறித்த அமைப்புகளிலேயே அது செல்லும். பொறியாளர் 'மோட்' என வழங்கும் இவ்வமைப்பினை ஈண்டுப் 'பாங்கு' என்போம். ஒரே பாங்கிற்கு இடந்தரும் நுண்ணுள்ளகம் கொண்டது ஒற்றைப்பாங்கு இழை. பலவற்றிற்கு இடந்தருவது பல்பாங்கு இழை. இன்று பெருவழக்கிலுள்ள பல்பாங்கு இழையின் உள்ளகம் 50 மைக்ரான் விட்டமுடையது. உறையோடு சேர்ந்து 125 மைக்ரான். 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கு அதனுள் ஏறத்தாழ 340 பாங்குகள் உள. அச்சை ஒட்டிச் செல்லும் பாங்குகளைத் தாழ்பாங்குகள் என்றும், எல்லையை நோக்கிச் சாய்ந்து செல்வனவற்றை உயர்பாங்குகள் என்றும் கூறுவோம்.

உள்ளகம் முழுவதும் ஒரே ஒளிவிலகல் எண்ணுடையதாய் எல்லையிற் படிபோல் இறங்குவது படியிழை. நடுவில் மிகுந்து எல்லைவரை சிறிது சிறிதாகக் குறைவது சரிவிழை. மேற்கூறிய 50 மைக்ரான் இழை சரிவிழையே. விளக்கத்தின் எளிமை கருதி முதலில் படியிழையை எடுத்துக்கொள்வோம்.

3. வளைவில் கதிரின் நிலை

உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் 1.48 என்றும், உறையினது 1.46 என்றும், உள்ளகத்தின் ஆரம் 25 மைக்ரான் என்றும் கொள்வோம். நேரான இழையில், அச்சோடு 9.4 பாகைக்கு மிகாத கோணத்திற் செல்லும் கதிர்கள் யாவும் உள்ளே நிற்கும். மிக்கவை உறையினுட் புகுந்து மறையும்.

இனி, இவ்விழையை 10 மி.மீ. ஆரமுடைய வட்டமாக வளைப்போம். அச்சின்மீது அச்சிற்கு இணையாகவே வந்த கதிர், வளைவினுள் நுழைந்ததும் நேரே சென்று புறச்சுவரில் முட்டும். அவ்விடத்து அது சுவரோடு ஆக்கும் கோணம் 4 பாகை. நேரிழையில் சுவரையே தீண்டாதிருந்த கதிர்க்கு இந்நிலையெனின், முன்னரே சாய்ந்து வந்த கதிர்களின் நிலை கூற வேண்டா. கணக்கிட்டுப் பார்ப்பின், அச்சில் உள்ள கதிர் 8.5 பாகைக்குள்ளும், அகச்சுவரை ஒட்டிய கதிர் 7.5 பாகைக்குள்ளும் இருந்தாலன்றி வளைவிலே தங்கா என்பது புலப்படும். நேரிழையில் 9.4 பாகை வரை இடமிருந்தமையை நோக்குக. இடைப்பட்ட கோணங்களில் வந்த கதிர்கள் வளைவின் தொடக்கத்திலேயே வெளியேறுகின்றன.

ஈண்டு இரண்டு உண்மைகள் கருதத்தக்கன. ஒன்று, இழக்கப்படுவன சாய்ந்த கதிர்களே. அச்சை ஒட்டியவை திசை திரும்பினும் தங்கிவிடுகின்றன. மற்றொன்று, இக்கணக்கில் நாம் பயன்படுத்தியவை உள்ளகத்தின் ஆரம், வளைவின் ஆரம், இரண்டு ஒளிவிலகல் எண்கள் ஆகியவையே. அலைநீளம் எங்கும் வரவில்லை. இவ்விரண்டாம் உண்மையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

4. அலைநோக்கில் விளக்கம்

கதிர்நோக்கு எளியதேனும், ஒளி உறையினுள் எவ்வாறு ஒழுகுகின்றது என்பதனை அலைநோக்கே தெளிவாகக் காட்டும். இதற்கு நெற்களத்துக் காட்சி ஒன்றை உவமையாகக் கொள்ளலாம். சூடடிக்கும் களத்தில் எருதுகளை வரிசையாகப் பிணைத்து நடுவிடத்தைச் சுற்றி ஓட்டுவர். நடுவை ஒட்டிய எருது நின்ற இடத்திலேயே திரும்புவதுபோல் மெல்ல நடக்கும். புறத்தே உள்ள எருதோ வரிசை குலையாதிருக்க விரைந்து நடத்தல் வேண்டும். வரிசை மேலும் நீளுமாயின், எத்துணை ஓடினும் ஈடுகொடுக்க இயலாத ஓர் இடம் வரும். அவ்விடத்தில் எருது வரிசையை விட்டு விலகும்.

ஒரு பாங்கின் அலைமுகமும் வளைவில் இவ்வாறே ஆரைக்கோல்போலத் திரும்புகின்றது. பாங்கின் ஒளி உள்ளகத்தோடு முடிந்துவிடுவதன்று. அதன் மெல்லிய ஓரம் உறையினுள்ளும் பரவியிருக்கும். வளைவின் புறத்தே செல்லச்செல்ல அலைமுகத்தின் வேகம் மிகல் வேண்டும். ஓரிடத்தில் அது உறையினுள் ஒளி செல்லக்கூடிய வேகத்தை மிஞ்சும். அவ்விடத்திற்கு அப்பாலுள்ள ஒளி பாங்கோடு சேர்ந்து திரும்பமாட்டாது, தொடுகோட்டு வழியே பிரிந்து போகும்.

பிரியும் இடம் பாங்கிற்குப் பாங்கு வேறுபடும். மேற்கண்ட 10 மி.மீ. வளைவில், மிகத் தாழ்ந்த பாங்கிற்கு அவ்விடம் அச்சினின்று ஏறத்தாழ 137 மைக்ரான் தொலைவில், உள்ளகத்தைக் கடந்து வெகுதூரத்தில் உள்ளது. அத்தொலைவில் அப்பாங்கின் ஒளி இல்லையென்றே சொல்லலாம். ஆதலின் இழப்பும் இல்லை. எல்லையை அடுத்த உயர்பாங்கு ஒன்றிற்கோ, அவ்விடம் 14 மைக்ரானிலேயே, உள்ளகத்தினுள்ளேயே வந்துவிடுகின்றது. அப்பாங்கு வளைவில் வாழ வழியில்லை. இடைப்பட்டவை சிறிது சிறிதாகக் கசியும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வளைந்த கண்ணாடியின் புறப்பகுதி இழுபட்டு அதன் ஒளிவிலகல் எண் சிறிது குறைகின்றது. அகப்பகுதி நெருக்குண்டு எண் சிறிது மிகுகின்றது. இவை வளைவின் விளைவை ஓரளவு தணிக்கின்றன. சிலிக்காக் கண்ணாடியில், வளைவின் ஆரம் உண்மையினும் ஏறத்தாழ 1.28 மடங்கு பெரிதாக இருப்பதுபோல் ஒளி ஒழுகும்.

5. பாங்குகளின் கணக்கு

வளைவில் எத்துணைப் பாங்குகள் எஞ்சும் என்பதற்கு 1972இல் குளோகே என்னும் ஆய்வாளர் ஒரு வாய்பாடு தந்தார். அதன் சாரம் எளியது. உள்ளகத்தின் விட்டத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வரும் எண் ஒன்று. அலைநீளத்தைச் சார்ந்த சிறுதிருத்தம் ஒன்று. இவ்விரண்டின் கூட்டுத்தொகையை, உள்ளகத்திற்கும் உறைக்கும் உள்ள ஒளிவிலகல் எண்ணின் சார்பு வேறுபாட்டால் வகுத்தால், சரிவிழையில் இழக்கப்படும் பாங்குகளின் பங்கு கிடைக்கும். படியிழைக்கு அதில் பாதி.

சார்பு வேறுபாடு 1 விழுக்காடு, ஆரம் 25 மைக்ரான், அலைநீளம் 850 நானோமீட்டர் எனக் கொண்டு, மேற்சொன்ன 1.28 மடங்குத் திருத்தத்தைச் சேர்க்காது கணக்கிட்டோம். 30 மி.மீ. ஆர வளைவில் சரிவிழை 19 விழுக்காட்டுப் பாங்குகளையும் படியிழை 10 விழுக்காட்டையும் இழக்கின்றன. 10 மி.மீ. ஆர வளைவில் அவை முறையே 56, 28 விழுக்காடாக உயர்கின்றன. 10 மி.மீ. வளைவிலும் அலைநீளத் திருத்தம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்களவே.

சரிவிழை இருமடங்கு இழப்பதேன்? உயர்பாங்குகள் அதில் மிகுதியாகச் செறிந்திருப்பதே காரணம். எல்லையை ஒட்டிய பத்தில் ஒரு பகுதி ஆழத்தைத் தனியே எடுத்துக்கொண்டால், படியிழையின் பாங்குகளில் 10 விழுக்காடும் சரிவிழையின் பாங்குகளில் 19 விழுக்காடும் அங்கே அமைந்திருக்கும். கரையோரத்திற் குடியிருப்போர் மிக்க ஊரில் வெள்ளத்தால் வரும் சேதமும் மிகுதியன்றோ?

இங்குதான் நம் வினாவின் குறை வெளிப்படுகின்றது. மேற்கூறியவை பாங்குகளின் இழப்பு, ஒளியின் இழப்பன்று. எல்லாப் பாங்குகளும் ஒளியைச் சமமாக ஏந்தி வருமாயின் மட்டுமே இரண்டும் ஒன்றாகும். அந்நிலையில் 10 மி.மீ. வளைவு சரிவிழையில் 3.5 டெசிபெல் இழப்பைத் தரும். ஒளி தாழ்பாங்குகளில் மட்டும் செலுத்தப்படுமாயின், அதே இழையில், அதே வளைவில் இழப்பு மிகச் சிறிதே. இழை மாறவில்லை, வளைவும் மாறவில்லை, ஒளி நிரம்பிய முறை ஒன்றே மாறிற்று.

நிறைகுடம் தளும்பாது என்பர். சாய்த்த குடத்திற்கு அஃது ஒவ்வாது. விளிம்புவரை நிரம்பிய குடத்தைச் சாய்த்தால் நீர் சிந்தும். அரைக்குடத்தை அதே அளவு சாய்த்தாலும் ஒரு துளியும் சிந்தாது. சிந்திய நீரின் அளவு சாய்வை மட்டும் சார்ந்ததன்று. குடத்தின் நிறைவையும் சார்ந்தது.

6. இழப்புகள் கூட்டத்தக்கனவா?

குடத்தின் உவமை மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. ஒருமுறை சாய்த்துச் சிந்திய குடத்தை மீண்டும் அதே அளவு சாய்த்தால் சிந்துவதற்கு ஒன்றும் இல்லை. பல்பாங்கு இழையின் வளைவும் இத்தகையதே. முதற்சுற்று உயர்பாங்குகளை நீக்கிவிடுகின்றது. இரண்டாம் சுற்றில் நீங்குதற்குரியவை சிலவே. எனவே, ஒரு சுற்றுக்கு இத்துணை டெசிபெல் என அளந்து, சுற்றுகளின் எண்ணால் பெருக்குதல் பிழையாகும். கண்ணாடியின் உறிஞ்சலால் நேரும் இழப்பு நீளத்தோடு ஒழுங்காகப் பெருகும். வளைவிழப்பு அங்ஙனம் பெருகுவதன்று.

சான்றாக, வழக்கமான 50 மைக்ரான் இழைக்குப் பன்னாட்டுத் தரவிதி குறிக்கும் எல்லை 37.5 மி.மீ. ஆரத்தில் 100 சுற்றுகளுக்கு 0.5 டெசிபெல் என்பது. இதனை நூறால் வகுத்து, ஒரு சுற்றின் இழப்பு 0.005 டெசிபெல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பாங்குகள் யாவும் நிரம்பிய ஒளி முதற்சுற்றிலேயே அதனைப்போற் பன்மடங்கு இழத்தல் கூடும்.

பல வளைவுகள் அடுத்தடுத்து வருமிடத்து, அவற்றுள் மிக இறுக்கமான ஒன்றே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். அஃது முதலில் வரின், பின்வரும் அகன்ற வளைவுகள் வேலையற்று நிற்கும். ஆயின், இடையிலே சற்று அச்சு விலகிய இணைப்பான் ஒன்று இருக்குமாயின் நிலைமை மாறும். அவ்விணைப்பான் தாழ்பாங்குகளின் ஒளியை உயர்பாங்குகளுக்குப் பகிர்ந்தளித்து, குடத்தை மீண்டும் விளிம்புவரை நிரப்புகின்றது. அதனையடுத்த வளைவு மறுபடியும் சிந்தச் செய்யும். இணைப்பானையும் வளைவையும் தனித்தனியே அளந்து கூட்டிய தொகை, இரண்டும் சேர்ந்த அளவோடு ஒவ்வாமைக்கு இதுவே காரணம்.

7. அளவையிற் செம்மை

ஒளியுமிழ் இருமுனையம் பாங்குகள் யாவற்றையும் ஏறக்குறைய நிரப்பும். மேற்பரப்பின் வழி உமிழும் லேசரோ நடுப்பகுதியையே மிகுதியும் நிரப்பும். முன்னதைக்கொண்டு அளந்த வளைவிழப்பு பின்னதைக்கொண்டு இயங்கும் அமைப்பிற்கு மிகையாகத் தோன்றும். பழைய அமைப்புகளில் இவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ள இடமிருந்தது. நொடிக்கு 10 கோடி துணுக்குகளை அனுப்பும் 100பேஸ்–எஃப்எக்ஸ் முறையில் வழி முழுவதற்கும் 11 டெசிபெல் இழப்பு அனுமதிக்கப்பட்டது. 2010இல் வகுக்கப்பட்ட, நொடிக்கு 4,000 கோடி துணுக்குகளை அனுப்பும் பல்பாங்கு முறையில், 100 மீட்டர் வழிக்கு அவ்வளவு 1.9 டெசிபெல்லாகச் சுருங்கிற்று. பதினொன்றில் ஒன்று தவறினால் தாங்கலாம். இரண்டிற்கும் குறைவானதில் ஒன்று தவறினால் தாங்குவது எங்ஙனம்?

இக்குறையை நீக்க முதலில் எளிய வழியொன்று கையாளப்பட்டது. அளக்கும் கருவியோடு இணைந்த இழையை, ஏறத்தாழ 20 மி.மீ. விட்டமுள்ள உருளையின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றுவர். அவ்வுருளை நிலையற்ற உயர்பாங்குகளை முன்னரே களைந்துவிடும். வளைவின் குறையையே வளைவின் அளவையைத் திருத்தும் கருவியாக்கிய இம்முறை போற்றத்தக்கதே. பின்னர், இழையின் முகத்தில் நடுவிலிருந்து வெவ்வேறு ஆரங்களுக்குள் அடங்கும் ஒளியின் பங்கு இன்ன எல்லைக்குள் இருத்தல் வேண்டும் என்னும் விதி 2009இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரத்தில் இடம்பெற்றது. குடத்தின் நிறைவை அளந்து கூறாது சிந்தியதைக் கூறுதல் போதாது என்பதனைத் தரவிதி வகுத்தோரும் ஏற்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

8. ஒற்றைப்பாங்கு இழையினின்று வேறுபாடு

ஒற்றைப்பாங்கு இழையில் இழப்பு அலைநீளத்தைப் பெரிதும் சார்ந்தது. 1310 நானோமீட்டரில் இழப்புக் காட்டாத வளைவு 1550 நானோமீட்டரில் மிகுந்த இழப்பைக் காட்டும். பணியாளர் இரண்டு அலைநீளங்களிலும் அளந்து, வேறுபாடு தோன்றின் அவ்விடத்து வளைவு உண்டெனத் தெளிவர். அதே முறையைப் பல்பாங்கு இழையிற் கையாண்டு, 850, 1300 நானோமீட்டர்களில் இழப்பு ஏறக்குறைய ஒத்திருத்தலைக் கண்டு, 'வளைவு இல்லை' என முடிவு செய்தல் பெருந்தவறாகும். பல்பாங்கு வளைவிழப்பின் பெரும்பகுதி அலைநீளத்தைச் சாராதது என்று முன்னர்க் கண்டோம். ஓரிழைக்கு உரிய நோய்க்குறியை மற்றோர் இழைக்குப் பொருத்துதல் ஆகாது.

9. வளைவைத் தாங்கும் இழைகள்

உள்ளகத்தைச் சூழ, உறையினும் தாழ்ந்த ஒளிவிலகல் எண்ணுடைய மெல்லிய வளையம் ஒன்றை அமைப்பின், அஃது அகழிபோல் நின்று உயர்பாங்குகளைத் தடுக்கும். இவ்வகைப் பல்பாங்கு இழைகள் 2009ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்தன. 7.5 மி.மீ. ஆரத்தில் இரண்டு சுற்றுக்கு, 850 நானோமீட்டரில் 0.2 டெசிபெல்லுக்கு மிகாத இழப்பே இவற்றிற்கு எல்லையாகக் குறிக்கப்பட்டுள்ளது. 2007இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட ஜி.651.1 பரிந்துரையில், 15 மி.மீ. ஆரத்தில் இரண்டு சுற்றுக்கு 1 டெசிபெல் வரை இடந்தரப்பட்டிருந்தமையோடு இதனை ஒப்பிட்டு முன்னேற்றத்தை உணரலாம்.

ஆயினும் இதில் எச்சரிக்கைக்குரிய கூறு ஒன்றுண்டு. ஒளி தங்கினமையால் கண்ணாடியும் நலமுற்றிருக்கின்றது என்று கொள்ளலாகாது. 125 மைக்ரான் இழையை 7.5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் அதன் புறமேனி 0.83 விழுக்காடு நீளுகின்றது. இழைகள் ஆக்கப்பெறும்போது வழக்கமாக 1 விழுக்காட்டு நீட்சியில் சோதிக்கப்படுகின்றன. ஆனால் அச்சோதனை ஒரு கண நேரத்தது, வளைவோ ஆண்டுக்கணக்கில் நிற்பது. நீடித்த இழுவிசையில் கண்ணாடியின் நுண்கீறல்கள் ஈரத்தின் துணையால் மெல்ல வளரும். பழைய இழையில் ஒளியிழப்பு வளைவின் இறுக்கத்தை முன்கூட்டியே அறிவித்தது. புதிய இழையில் அவ்வறிவிப்பு ஓய்ந்துவிட்டது. ஆதலின், உள்ளகக் கம்பிவடங்களைச் சுமையின்றி 25 மி.மீ. ஆரத்திற்கும், இழுத்துப் பொருத்தும்போது 50 மி.மீ. ஆரத்திற்கும் குறையாது வைத்தல் வேண்டும் என்னும் நெறியைக் கைவிடுதல் தகாது.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த கருத்துகள் இவை. பல்பாங்கு இழையின் வளைவு ஒளியைப் பொதுவாகக் குறைப்பதன்று. உயர்பாங்குகளைத் தேர்ந்து நீக்குவது. ஆகவே இழப்பின் அளவு இழையையும் வளைவையும் போலவே, ஒளி பாங்குகளில் நிரம்பிய முறையையும் சார்ந்தது. அவ்விழப்புகள் எளிய கூட்டலுக்கு உட்படா. அலைநீள வேறுபாட்டால் அவற்றைக் கண்டறிதல் அரிது.

சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 'வளைவிழப்பு' என்னும் சொல் தன்னளவில் செம்மையானதே. ஆனால், அது இழப்பு முழுவதும் வளைவினுடையது என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றது. அதனைக் கையாளும் நூலாசிரியரும் ஆசிரியரும், வளைவின் ஆரத்தோடும் சுற்றுகளின் எண்ணிக்கையோடும் ஒளி செலுத்திய முறையையும் சேர்த்துக் கூறுவாராயின், அச்சொல் மயக்கம் தராது பொருளைத் தரும். இம்மூன்றும் இன்றித் தரப்படும் எண், குடத்தின் நிறைவைச் சொல்லாது சிந்திய நீரை மட்டும் சொல்வதாகவே முடியும்.